இரண்டாவது பட்டி நாய் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பேரணாம்பட்டு பக்கம், காட்டை ஒட்டிய சிற்றூரில் வெள்ளாடு வளர்க்கிறோம். பெரிதும் சிறிதுமாக அறுபது உருப்படிகள். கருப்பன் என்று ஒரு நாய் இருக்கிறான். நாட்டு நாய்தான், மூன்று வயது, குட்டியிலிருந்தே பட்டியில் வளர்ந்தவன். போன மாதம் ஓடைக்கரை மேய்ச்சலில் தெருநாய்கள் கூட்டமாக வந்தன. அவன் மேற்கே இரண்டை விரட்டிக்கொண்டு வெகுதூரம் போய்விட்டான். அதற்குள் கிழக்கிலிருந்து வந்தவை இரண்டு ஆட்டுக்குட்டிகளைக் குதறிவிட்டன. சிறுத்தை பயமும் இருக்கிறது.

ஒடுகத்தூர் சந்தையில் பழக்கமான ஒருவர், மலையடிவாரப் பட்டி ஒன்றில் பிறந்த நாய்க்குட்டிகள் இரண்டை, ஆணும் பெண்ணுமாகச் சேர்த்தே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அவற்றுக்கு இரண்டு மாதம் ஆகப்போகிறது. என் தம்பி, பெங்களூருவில் துருக்கி நாட்டுக் காங்கல் நாய் கிடைக்கும், அதை வாங்கு என்கிறான். என் வீட்டுக்காரரோ இன்னொரு நாய்க்குச் சோறு போட்டுக் கட்டுப்படியாகாது என்கிறார். பதினான்கு ஆடுகள் சினையாக இருக்கின்றன, ஐப்பசியில் ஈனும். என்ன செய்யலாம்? என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

குட்டிகளை இழந்த வருத்தம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது நாய் உங்களுக்குத் தேவை. மலையடிவாரக் குட்டிகளில் பெண்ணை மட்டும் எடுங்கள். இப்போதே எடுங்கள்.

கருப்பன் மீது குறை இல்லை. எதிரியைக் கண்டால் எதிர்கொண்டு போவது காவல் நாயின் இயல்பு. தெருநாய்கள் கூட்டமாக வரும்போது ஒரு நாயால் ஒரு பக்கத்தைத்தான் பார்க்க முடியும். இரண்டு நாய்கள் பழகிவிட்டால் ஒன்று முன்னே போகும், மற்றது மந்தையோடு நிற்கும். ஆனால் நாம் நினைப்பதால் மட்டும் இது நடந்துவிடாது. புதிய நாய் கருப்பனோடு ஒட்டிக்கொண்டால், அவன் ஓடும் பக்கமே அதுவும் ஓடும். அப்போது மந்தைக்கு ஒரு காவலும் இருக்காது. ஆகவே புதிய குட்டி கருப்பனுக்குத் தோழியாக வளரக் கூடாது, ஆடுகளின் பிள்ளையாக வளர வேண்டும். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் இதற்காகத்தான்.

நாய்க்குட்டி யாரைத் தன் இனமாக எண்ணுவது என்பது பெரும்பாலும் பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து நான்காவது மாதத்துக்குள் முடிவாகிவிடும். ஐப்பசிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால் இந்தக் குட்டிக்கு அந்தக் காலம் கடந்துவிடும். சாதுவான கிழட்டு ஆடுகள் இரண்டு, விதையடித்த கிடா ஒன்று ஆகியவற்றோடு ஒரு சிறு அடைப்பில் குட்டியை விடுங்கள். ஆடு முட்டினால் அது ஒதுங்கி ஓடிப் படுத்துக்கொள்ள ஒரு மூலை இருக்கட்டும். கருப்பன் வேலிக்கு அப்பாலிருந்து முகர்ந்து பார்க்கட்டும். பிள்ளைகள் தூக்கி வைத்துக் கொஞ்ச வேண்டாம். தொட்டுப் பழக்குவதும் கூப்பிட்டால் வரப் பழக்குவதும் போதும். ஊசி போட நாளைக்கு நீங்கள் அதைப் பிடித்தாக வேண்டும் அல்லவா? மேய்ச்சலுக்கு அழைத்துப் போகும்போதும் தொடக்கத்தில் கயிற்றில் பிடித்தபடியே போங்கள்.

ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர் என்ற இணையர் 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் காவல் நாய்களுக்கென ஒரு திட்டம் தொடங்கி நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். நல்ல காவல் நாய்க்கு அவர்கள் மூன்று குணங்களைச் சொன்னார்கள்: மந்தையை விட்டு அகலாமை, மந்தைக்குத் தீங்கு செய்யாமை, அயலார் வந்தால் எதிர்த்து நிற்றல். கருப்பனிடம் மூன்றாவது இருப்பது தெரிந்துவிட்டது. முதல் இரண்டையும் நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். நீங்கள் இருப்பது அவனுக்குத் தெரியாதபடி தூரத்திலிருந்து கவனியுங்கள். உச்சிவெயிலில் ஆடுகளுக்கு நடுவில் படுக்கிறானா, யார் வீட்டுத் திண்ணையையாவது தேடிப் போகிறானா? ஆடு மிரண்டு ஓடினால் அதன் பின்னால் துரத்துகிறானா? துரத்துகிறவன் என்றால் இப்போதைக்கு இன்னொரு நாய் வேண்டாம், குட்டியும் அதையே கற்றுக்கொள்ளும்.

இரண்டு குட்டிகளையும் சேர்த்து வாங்காதீர்கள். ஒரே ஈற்றுக் குட்டிகளை ஒன்றாக வளர்த்தால் ஒன்றுக்கொன்றுதான் உறவு, ஆடு அவற்றுக்கு விளையாட்டுப் பொருளாகிவிடும். இரண்டு இளம் நாய்கள் சேர்ந்து விளையாட்டாகத் துரத்தியே ஆட்டைக் கொன்றுவிடும். பெண்ணாக எடுக்கச் சொல்வதற்குக் காரணம், வளர்ந்த பிறகு ஆண் நாய்கள் இரண்டு ஒரே பட்டியில் சண்டையிடும் வாய்ப்பு அதிகம். ஆனால் பெண் குட்டிக்குக் கருத்தடை அறுவை செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது பருவத்துக்கு வரும். எந்தத் தெருநாய்களுக்குப் பயந்து நாய் வளர்க்கிறீர்களோ, அவையே பட்டியைச் சுற்றி வந்து நிற்கும். முதல் பருவத்துக்கு முன்பே செய்யலாமா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஐப்பசியில் குட்டி ஐந்து மாதத்து நாயாக இருக்கும். ஆபத்தான வயது. துள்ளும் ஆட்டுக்குட்டியைக் கண்டால் அதற்கும் துள்ளத் தோன்றும். ஈனும் ஆடுகளின் பக்கம் தனியே விடாதீர்கள். நீங்கள் அருகில் இருக்கும்போது காட்டுங்கள், மற்ற நேரத்தில் வேலிக்கு அப்பால் வையுங்கள், ஈன்ற ஆட்டுக்குட்டிகள் கொடாப்புக் கூடைக்குள் இருக்கட்டும். நஞ்சுக்கொடியைத் தின்றால் பதற வேண்டாம், அது நாயின் வழக்கம். முழுப் பொறுப்பையும் ஒன்றரை, இரண்டு வயதில்தான் நம்பிக் கொடுக்க முடியும். அதுவரை மேய்ச்சலில் இன்னொரு ஆள் கூடவே இருக்க வேண்டும்.

காங்கல் நல்ல நாய்தான். நமீபியாவில் சிவிங்கிப் புலிகளிடமிருந்து ஆடுகளைக் காக்க 1994 முதல் பண்ணையாளர்களுக்குக் கொடுத்து வருகிறார்கள், அந்த வறண்ட வெயிலிலும் வேலை செய்கிறது. ஆனால் அங்கே ஒரு பண்ணை ஆயிரக்கணக்கான ஏக்கர், அயலார் வருவது அரிது. உங்கள் மந்தை தார்ச்சாலையைத் தாண்டி, பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவே, அடுத்தவர் நிலக்கடலைக் காட்டோரமாகப் போகிறது. ஆளுயரத்துக்கு எழுந்து நிற்கும் நாய் ஒரு பிள்ளையைக் கடித்துவிட்டால் யார் பதில் சொல்வது? பட்டியிலேயே பிறந்த நாட்டுக் குட்டிக்கு இந்த வெயிலும் சந்தடியும் பழக்கம்.

நமது பக்கத்து நாய்களை நான் குறைத்து மதிப்பதில்லை. பழைய வடஆற்காட்டின் செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏழாம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த வீரனுக்கு எடுத்த கல். அதில் அவனுடைய நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும், கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியையும் பொறித்திருக்கிறார்கள். இரவில் வண்டியில் வந்து ஆடு திருடுகிற இந்தக் காலத்தில் எனக்கு அந்தக் கல் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

சிறுத்தைக்கு இரண்டாவது நாய் தீர்வு ஆகாது. மகாராஷ்டிராவின் அகோலே பகுதியில் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்தபோது, அவை தின்ற இரையின் எடையில் 39 சதவீதம் நாய்கள் என்று தெரிந்தது. இரவில் பட்டிக்கு வெளியே சங்கிலியில் கட்டிய நாயால் ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது, சிறுத்தைக்கு இரையாகிவிடும். இரவில் ஆடுகளும் நாய்களும் மேலே மூடிய அடைப்புக்குள் இருக்கட்டும். சிறுத்தை கழுத்தைத்தான் கவ்வும் என்பதால் இமயமலை இடையர்கள் நாய்க்கு முள் வைத்த இரும்புப் பட்டை கட்டுவார்கள். உங்கள் ஊர்க் கொல்லரிடம் சொன்னால் செய்துகொடுப்பார்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்றாவது மாதத்தில் போடத் தொடங்குங்கள், கருப்பனுக்கு ஆண்டுதோறும் போடுங்கள். தெருநாயோடு சண்டையிடுவதே இவற்றின் வேலை. ஆடு அறுத்தால் தலை, நுரையீரல், ஈரலைப் பச்சையாக நாய்க்குப் போடவே கூடாது. அவற்றில் உள்ள நீர்க்கட்டிகள் நாயின் குடலில் நாடாப்புழுவாகி, அதன் சாணத்தின் வழியே மேய்ச்சல் நிலத்துக்கும் நமது கைக்கும் வரும். மூளையில் கட்டி வந்து ஆடு வட்டமடித்துச் சாவதும் இப்படித்தான். நாய் ஒன்று கூடினால் இந்த ஆபத்தும் கூடும். நாடாப்புழு மருந்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை கொடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டுத் தவறாமல் கொடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்பதும் நியாயமான கேள்விதான். கேழ்வரகுக் களி, சோறு, கொஞ்சம் வேகவைத்த கறிக்கழிவு என்று ஓர் ஆண்டுக்குக் கணக்குப் போடுங்கள். தடுப்பூசியையும் அறுவைச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன மாதம் போன இரண்டு குட்டிகளும் வளர்ந்திருந்தால் ஒடுகத்தூரில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதைப் பக்கத்தில் எழுதி அவரிடமே கொடுங்கள். இரண்டு நாய்களுக்கும் தனித்தனித் தட்டு, தள்ளித் தள்ளி, ஆடுகள் வாய் வைக்க முடியாத இடத்தில். அந்த ஆண் குட்டியை உங்கள் ஓடைக்கரையிலேயே மேய்க்கிற வேறு யாராவது எடுத்துக்கொள்வார்களா என்றும் விசாரியுங்கள்.