பட்ஜ் போட்டிருக்கிறவரிடம் 24 மணித்தியாலச் சலமும் ஏன் கேட்கிறார்கள்?

தங்கச்சி, வெளிநாட்டுத் தாது மணல் ஆலையில் வேலை செய்கிற உங்கட அவர், நெஞ்சில் கதிர்வீச்சு பட்ஜ் குத்தியிருந்தும் முழுநாள் சலத்தைப் போத்தலில் பிடித்துத் தரச் சொல்கிறார்களாம், ஏதும் வருத்தமோ என்று கல்முனையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இது வருத்தக்காரருக்குச் செய்கிற சோதனை இல்லை. நான் ஆரையம்பதி ஆள், வெளிநாட்டில் இப்படியான மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் கனகாலம் வேலை செய்தவன்.

பட்ஜ் வெளியிலிருந்து படுகிற கதிரைத்தான் பதியும். அந்த மணலில், நம்மட புல்மோட்டை மணலிலும்தான், மொனசைட் என்கிற தாது கொஞ்சம் கலந்திருக்கும். மொனசைட்டில் பொதுவாக 5 முதல் 10 சதவீதம் தோரியம் என்கிற கதிரியக்க உலோகம். அது விடுகிற அல்பாக் கதிரைத் தோலே மறித்துவிடும். தூசாக மூச்சில் போய் நுரையீரலில் தங்கினால்தான் ஆபத்து. அது பட்ஜுக்குத் தெரியாது. உள்ளே போனதில் துளியளவு சலத்தில் வெளியேறும், அதைப் பிடிக்கத்தான் முழுநாள் சலமும் கேட்கிறார்கள்.

கஷ்டம் என்னவென்றால், அந்தத் தோரியம் (தோரியம்-232) சிதைவது, அதாவது அணு கதிரை விட்டு மாறுவது, அவ்வளவு மெது. அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய எடுக்கிற காலம், 1,400 கோடி வருஷம். ஒரு மைக்ரோகிராமில் நாலு நிமிஷத்துக்கு ஒரு அணு சிதையும். ஒரு நானோகிராம் என்றால் கிட்டத்தட்ட மூன்று நாளைக்கு ஒன்று. சலத்தில் வருவது அதைவிடவும் குறைவாக இருக்கலாம். சிதைவை எண்ணிக்கொண்டு எவ்வளவு நாள் குந்தியிருப்பது? அதனால் சலத்தை நைத்திரிக் அமிலத்தில் காய்ச்சி, தோரியத்தைப் பிரித்தெடுத்து, அணுக்களையே எடைவாரியாக எண்ணுகிற திணிவு நிறமாலைமானியில் போடுவார்கள். பொலோனியம்-210 என்கிற இன்னொரு கதிரியக்கப் பொருள் இதற்கு மறுதலை, அரைவாழ்வு 138 நாள்தான். அதற்குச் சிதைவை எண்ணுவதே சுகம். (இறால், நண்டு, மட்டி விடாமல் சாப்பிடுகிற எங்கட ஆக்களின் சலத்தில் அது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். சிகரெட் பிடித்தால் இன்னும் கூடும்.)

தோரியமும் சோறு, தண்ணி, தூசி வழியாக எல்லாருடைய உடம்பிலும் துளியளவு போகும். ஆகவே வேலைக்குச் சேர முதல் எடுத்த மாதிரி ஒன்று இருக்கிறதா என்று அவரைக் கேட்கச் சொல்லுங்கள். இதைத்தான் கட்டாயம் கேட்க வேண்டும். அது இல்லாவிட்டால், இப்போது வருகிற எண் ஆலையால் வந்ததா ஊரால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

போத்தலை ஆலைக்குள் திறக்கவே கூடாது. அறைக்கு வந்து, குளித்து, வேலை உடுப்பை மாற்றிய பிறகுதான் பிடிக்க வேண்டும். உடுப்புத் தூசி ஒரு துளி விழுந்தாலும் முடிவு பிழைத்துப்போகும். ஒருதரம் தவறவிட்டால் மறைக்காமல் எழுதிக் கொடுக்கட்டும்.

தோரியம் சலத்தில் மிகக் குறைவாகத்தான் வெளியேறும் என்பதால் மலமும் கேட்பார்கள். வெட்கப்படாமல் கொடுக்கச் சொல்லுங்கள், சில நேரம் சலத்தைவிட அதுதான் கூடச் சொல்லும்.