'டைம்ஸ்டாம்ப் வித் டைம் சோன்' வைத்தால் டைம் சோனும் சேர்ந்து சேமிக்கப்படுமா?

கேட்டிருப்பவர் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஒரு நேர ஃபீல்டுக்கு இந்த வகையைக் கொடுத்துவிட்டு, டைம் சோனுக்குத் தனி ஃபீல்டு வேண்டுமா என்கிறார். வேண்டுங்க, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை.

முதலில் இதைச் செய்து பாருங்கள். '2025-07-10 14:30 +05:30' என்று இன்செர்ட் செய்யுங்கள். போஸ்ட்கிரெஸ் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) 09:00 ஆக்கி 8 பைட்டில் வைத்துக்கொள்ளும். +05:30 அதோடு போச்சு. செஷனை யூரோப்/பெர்லின் என்று மாற்றிவிட்டு செலக்ட் போட்டால் 11:00+02 என்று வரும். எந்த ஊர் நேரத்தில் பதிந்தார்கள் என்பதற்கு அந்த ரோவில் தடயமே இருக்காது. ஆரக்கிள் டேட்டாபேஸில் இதே பேருள்ள வகை டைம் சோனையும் சேர்த்தே வைக்கும். அங்கிருந்து வருகிறவர்கள் குழம்புவது இதனால்தான்.

பில் போட்டது, கட்டிங் முடிந்தது, லாரி கிளம்பியது என நடந்து முடிந்தவற்றுக்கு இந்த யூடிசி போதும். இனி நடக்க வேண்டியவற்றில்தான் சிக்கல்.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்திருந்தேன். ஜெர்மன் பையரோடு திங்கள்தோறும் வீடியோ கால், அவர்கள் ஊரில் காலை 10 மணிக்கு. ஜனவரியில் பதிந்தபோது அது யூடிசி 09:00, நமக்கு மதியம் 2:30. 2025 மார்ச் 30, ஞாயிறு, ஜெர்மனியில் கோடை நேரத்துக்காகக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போனது. மறுநாள் அவர்களுடைய 10 மணி நமக்கு 1:30. எங்கள் ஸ்க்ரீனில் அதே 2:30. சாம்பிள் பீஸ்களை மேசையில் அடுக்கி வைத்துவிட்டு மெர்ச்சண்டைசர் அக்கா எனக்கு போன் போட்டார்: "ஏனுங் தம்பி, இதுல ரண்டரைன்னு தானுங்க காட்டுது? அவிங்க ஒன்றரைக்கே வந்து காத்துக் கெடந்துட்டுப் போயிட்டாங்களாமா." அந்த வார ஃபிட் அப்ரூவல் (சாம்பிளின் அளவுக்குப் பையர் தரும் ஒப்புதல்) தள்ளிப்போனது. இன்றைக்கும் எனக்கு அது உறுத்தல்தான்.

நமக்கு வருடம் முழுக்க +05:30. அதனால் இங்கே உட்கார்ந்து இந்திய நேரங்களை மட்டும் வைத்து எத்தனை தடவை டெஸ்ட் செய்தாலும் இது கண்ணில் படாது.

பேசி வைத்தது 'பெர்லினில் 10 மணி'. அதையே சேமியுங்கள்: டைம் சோன் இல்லாத டைம்ஸ்டாம்பில் உள்ளூர் நேரம், பக்கத்து ஃபீல்டில் 'யூரோப்/பெர்லின்' என்ற பெயர். '+01:00' என்று வைத்தால் கோடைக்கு உதவாது. எந்தத் தேதியில் எவ்வளவு என்ற விதி பெயருக்குத்தான் உண்டு. விதியும் மாறும். மெக்சிகோ 2022-ல் பெரும்பாலான பகுதிகளில் கோடை நேரத்தையே எடுத்துவிட்டது. ஆகவே ரிமைண்டருக்கான யூடிசியைக் கணக்கிட்டு மூன்றாவது ஃபீல்டில் வைத்துக்கொண்டாலும், டைம் சோன் பட்டியல் அப்டேட் ஆகும்போதெல்லாம் இனி வரப்போகும் ரோக்களுக்கு மட்டும் திரும்பக் கணக்கிடுங்கள்.

அக்கம்பெனியில் அப்படித்தான் மாற்றினேன். அக்டோபர் 26 அன்று ஜெர்மனிக் கடிகாரம் பின்னே வந்தது. 27, திங்கள், ஸ்க்ரீன் தானாகவே 2:30-க்கு மாறியிருந்தது. பையரும் அதே நேரத்துக்கு லைனில் வந்தார்.