ஓவர்கிளாக் செய்ய 20 ஆயிரம் கூடுதலாகக் கொடுக்கலாமா?

கேள்வி: திருச்சியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். இரவில் கொஞ்ச நேரம் கேமும் உண்டு. புது டெஸ்க்டாப்புக்கு இன்டெல் கோர் அல்ட்ரா 7 265 போதும் என்று நினைத்திருந்தேன். கடைக்காரர், "265கே எடுங்க, இசட்890 போர்டும் 360 எம்எம் லிக்விட் கூலரும் போட்டா ஓவர்கிளாக் பண்ணிக்கலாம், வேகம் எங்கேயோ போயிடும்" என்கிறார். மொத்தத்தில் 20 ஆயிரம் ரூபாய் கூடுகிறது. அதற்கேற்ற வேகம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. அந்தப் பணத்தை அதே கம்ப்யூட்டரில் வேறு இடத்தில் போடுங்கள்.

ஓவர்கிளாக் என்பது கம்பெனி குறித்த வேகத்துக்கு மேல் பிராசஸரை ஓட்டுவது. அதில் பெரிய லாபம் இருந்த காலம் உண்டு. 1998-ல் வந்த செலரான் 300ஏ பிராசஸர் 300 மெகாஹெர்ட்ஸில் ஓடும். போர்டில் பஸ் வேகத்தை (பிராசஸர் மற்ற பாகங்களோடு பேசும் வேகம்) 66-லிருந்து 100-க்கு மாற்றினால் பெரும்பாலான சிப்கள் 450-ல் ஓடின. காசில்லாமல் 50 சதவீதம் வேகம். 2011-ல் வந்த ஐ5-2500கே கூட டர்போவில், அதாவது தானாக ஏற்றிக்கொள்ளும் உச்ச வேகத்தில், 3.7 கிகாஹெர்ட்ஸ்தான். நல்ல கூலர் வைத்தவர்கள் அதைச் சாதாரணமாக 4.5-க்குக் கொண்டுபோனார்கள். சிப்பால் முடிந்ததைவிடக் குறைவான வேகத்தில் கம்பெனி விற்றது, வாங்கியவர் மிச்சத்தை எடுத்துக்கொண்டார்.

இன்று அந்த மிச்சத்தைக் கம்பெனியே எடுத்து, பெட்டியின் மேல் அச்சடித்து விற்றுவிடுகிறது. சூடும் மின்சாரமும் இடம்கொடுக்கும் வரை பிராசஸர் தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்கிறது. உங்கள் இரண்டு சிப்களையே பாருங்கள். 265, ஓவர்கிளாக் செய்யவிடும் ரகமான 265கே, இரண்டிலும் 20 கோர்கள். உச்ச வேகம் 265-க்கு 5.3 கிகாஹெர்ட்ஸ், 265கே-க்கு 5.5. நான்கு சதவீதம்கூட வித்தியாசமில்லை. நீண்ட ரெண்டரில் (எடிட் செய்ததை இறுதி வீடியோவாக மாற்றும் வேலை) 265கே கொஞ்சம் கூடுதலாகவே முந்தும், ஏனென்றால் 265-ன் டர்போ மின்சார வரம்பு 182 வாட், 265கே-க்கு 250 வாட். ஆனால் இதெல்லாம் ஓவர்கிளாக் செய்யாமலே வருவது. அதற்கு மேல் நீங்கள் உட்கார்ந்து ஏற்றினால் இன்னும் 200, 300 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கலாம். ஒரு மணி நேரம் ஓடும் ரெண்டர் 57 நிமிடத்தில் முடியும். அந்த நேரத்தில் நீங்கள் டீ குடிக்கப் போயிருப்பீர்கள்.

அந்த 3 நிமிடத்துக்குக் கொடுக்கும் விலை பெரிது. வேகம் ஏற வோல்டேஜும் ஏற வேண்டும், மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். ஒரு கணக்குக்கு, வேகத்தை 5.2-லிருந்து 5.4-க்கு உயர்த்த வோல்டேஜை 1.25-லிருந்து 1.35 ஆக்கினால், 4 சதவீத வேகத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல் மின்சாரம் போகும். அவ்வளவும் சூடாகத்தான் வெளியே வரும். யூடியூபில் ரிவ்யூ செய்பவர்கள் பெரும்பாலும் ஏசி அறையில் சோதிக்கிறார்கள். மே மாதத் திருச்சியில், ஏசி இல்லாத அறை 36 டிகிரி இருக்கும்போது, அவர்கள் காட்டும் டெம்பரேச்சரோடு 10, 12 டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். சூடு எல்லையைத் தொட்டால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போது ஏற்றியதற்கு அர்த்தமே இல்லை. ஓவர்கிளாக்கால் வரும் பழுதுக்குப் பொதுவாக இன்டெல், ஏஎம்டி இரண்டின் வாரண்டியும் கிடையாது. எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை உங்கள் தொழில்தான். ஓரளவே நிலையாக இருக்கும் ஓவர்கிளாக், கேமில் ஒரு தடவை கிராஷ் ஆனால் போகட்டும். நாளைக்கு வீடியோ கொடுக்க வேண்டிய இரவில் ரெண்டர் பாதியில் நின்றால் யாருக்குப் பதில் சொல்வீர்கள்?

கேமுக்கும் இதே கதைதான். 1440பி, 4கே திரைகளில் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. பிராசஸர் அதற்காகக் காத்திருக்கும்.

சரி, 20 ஆயிரத்தை எங்கே போடுவது? முதலில் பிராசஸரின் பெயரைக் கவனியுங்கள். 265எஃப், 265கேஎஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, விலை குறைவென்று கடையில் நீட்டுவார்கள். நீங்கள் வாங்காதீர்கள். இப்போதைய கேமராக்கள் தரும் 10 பிட் 4:2:2 ஹெச்.265 ஃபைல்களை (வண்ண விவரம் அதிகமுள்ள, சுருக்கிய வீடியோ) இன்டெலின் உள் கிராபிக்ஸ் நேரடியாகப் பிரித்துக் கொடுக்கும். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகளுக்கு அது முடியாது. டைம்லைனை இழுக்கும்போது திக்காமல் ஓடுவது இதனால்தான். எந்த ஓவர்கிளாக்கும் இதற்கு ஈடாகாது.

அப்புறம் ரேம். ஒரே 32 ஜிபி குச்சி போட்டுக் கொடுத்தால் ஏற்காதீர்கள், இரண்டு குச்சியாகக் கேளுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். டிடிஆர்5 6000, 6400 என்று எழுதிய குச்சிகள் பலவும் அந்த வேகத்துக்குத் தானாக வராது. பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸ் இருக்கும் இடம்) எக்ஸ்எம்பி ப்ரொஃபைலை, அதாவது ரேமில் எழுதிய வேகத்துக்கான செட்டிங்கை, ஆன் செய்ய வேண்டும். காசு கொடுத்து வாங்கிய வேகம் ஆன் செய்யப்படாமலே ஆண்டுக்கணக்கில் கிடப்பது சகஜம். கம்ப்யூட்டர் கைக்கு வந்த அன்றே டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்து ஸ்பீடு எவ்வளவு என்று பாருங்கள். எக்ஸ்எம்பிக்கு இசட் போர்டு வேண்டாம், பிராசஸரை ஓவர்கிளாக் செய்யவிடாத பி860 போர்டிலேயே முடியும்.

மீதிக் காசுக்கு ரேமை 64 ஜிபி ஆக்குங்கள், அல்லது ஃபுட்டேஜுக்கென்று தனி என்விஎம்இ எஸ்எஸ்டி போடுங்கள். கூலருக்கு ஒரு நல்ல டவர் ஏர் கூலர் போதும். அசெம்பிள் செய்யும்போது பக்கத்தில் நின்று, கூலரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதை மறந்து மாட்டிவிடுவது நிஜமாகவே நடக்கிறது.

இன்னொன்று. 265கே-வின் விலை பல நேரம் 265-க்கு மிக அருகில் வந்துவிடுகிறது. அப்படி இருந்தால் தாராளமாக கே-வையே எடுத்து பி860 போர்டில் போடுங்கள். கூடுதல் வாட் தரும் சூட்டை மட்டும் கூலர் வாங்கும்போது மனதில் வையுங்கள்.

கேள்வி: ஐ9-14900கே செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்கு வருகிறது. 6 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: 6 கிகாஹெர்ட்ஸ் உண்மைதான், ஆனால் ஒன்றிரண்டு கோர்களுக்கு, சிறிது நேரத்துக்கு. நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் பலவற்றில், தேவைக்கு அதிகமான வோல்டேஜ் போய் சிப்பே மெல்லத் தேய்கிற கோளாறு இருந்தது. அதைத் தடுக்க 2024 ஆகஸ்டில் இன்டெல் புது மைக்ரோகோட் (பயாஸ் அப்டேட் வழியாக வரும், சிப்பின் உள் மென்பொருள்) வெளியிட்டது, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டியது. ஆனால் பயாஸ் அப்டேட் இனிமேல் கெடாமல்தான் காக்கும். ஏற்கெனவே தேய்ந்த சிப் தேய்ந்ததுதான்.

செகண்ட் ஹேண்டில் அது எந்த பயாஸில், எவ்வளவு வோல்டேஜில் ஓடியது என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. வாங்கியே ஆக வேண்டுமென்றால் ஒரிஜினல் பில், பெட்டி, வாரண்டி மூன்றும் இருக்க வேண்டும். விற்பவர் வீட்டிலேயே ஒரு பெரிய ஜிப் ஃபைலைப் பிரித்துப் பாருங்கள், அன்ரியல் எஞ்சினில் ஓடும் கேம் ஒன்றையும் திறந்து பாருங்கள். ஃபைல் பிரியும்போது எரர் வந்தாலோ, கிராபிக்ஸ் கார்டில் மெமரி தாராளமாக இருக்கும்போதே வீடியோ மெமரி போதவில்லை என்று செய்தி வந்தாலோ, விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கேள்வி: 2013-ல் வாங்கிய ஐ7-4770கே இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்தான். ஓவர்கிளாக் செய்தால் இன்னும் இரண்டு வருடம் ஓடுமா?

பதில்: உங்கள் கம்ப்யூட்டர் காத்திருப்பது ஹார்ட் டிஸ்க்குக்காக. முதலில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள், கூலரைக் கழற்றிக் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். திறப்பது, மூடுவது எல்லாமே வேகமாகிவிடும். 4770கே நன்றாகவே ஓவர்கிளாக் ஆகும் சிப்தான், ஆனால் அத்தனை வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) நம்பி அதைச் செய்ய வேண்டாம். விண்டோஸ் 11 இந்த பிராசஸருக்கு அதிகாரபூர்வமாகக் கிடையாது, விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பேங்க் வேலைகளை இதில் வைத்துக்கொள்ளாதீர்கள். எஸ்எஸ்டியை அடுத்த கம்ப்யூட்டருக்கும் கழற்றி மாட்டிக்கொள்ளலாம்.