வாசகர் கேள்விகள்: செருப்பு எழுதிய விடுப்புக் கடிதம்

கேள்வி: தொலைந்துபோன இடதுகால் செருப்பு, வலதுகால் செருப்புக்கு விடுப்புக் கடிதம் எழுதுவதாக ஒரு கவிதை எழுதினேன் (இணைத்திருக்கிறேன்). படித்த நண்பர்கள் சிரித்தார்கள், ஆனால் 'இது துணுக்கு, கவிதை இல்லை' என்கிறார்கள். சிரிப்பு வந்தால் கவிதை ஆகாதா?

பதில்: தாராளமாக ஆகும். துணுக்கு ஒருமுறை கேட்டதும் தீர்ந்துவிடும், உங்கள் கவிதையை நான் மூன்று முறை படித்தேன். 'வார் அறுந்த காரணத்தால் இரண்டு நாள் விடுப்பு' என்ற இடத்தில் சிரித்தேன். 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள ஜோடி' என்று வந்ததும் சிரிப்பு அப்படியே நின்று மனதை என்னவோ செய்தது. செருப்பு கடிதம் எழுதும் என்று ஒரே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு பெறுநர், பொருள், தேதி என்று விடுப்புக் கடிதத்தின் ஒழுங்கை ஒரு இடத்திலும் மீறாமல் போயிருக்கிறீர்கள் பாருங்கள், விளையாட்டு அங்கேதான் இருக்கிறது. செருப்புக்குத் தான் வேடிக்கை செய்கிறோம் என்று தெரியாது. தெரிந்திருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்காது.

ஆனால் கையெழுத்துக்குக் கீழே 'நாமும் இப்படித்தானே, ஜோடி பிரிந்த செருப்புகள்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள். அது நண்பர்களுக்குப் பயந்து எழுதிய வரி. 'தமிழ் என் மூச்சு' என்று ஊரே சொல்லித் தேய்ந்த தொடரைக் கவிஞர் ஞானக்கூத்தன் எடுத்து, எனக்கும் அப்படித்தான், ஆனால் அதைப் பிறர்மேல் விடமாட்டேன் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. மூச்சு என்றால் மூச்சுதான் என்று நேராக எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

கேள்வி: சிறுகதையில் நகைச்சுவைக்காகப் பாத்திரங்களைக் கோமாளித்தனமாகப் பேசவைக்கலாமா?

பதில்: வேண்டாம். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை எடுத்து, பிள்ளை தன் வைத்தியப் பத்திரிகைக்குக் கடவுளிடமே ஜீவிய சந்தா (ஆயுள் சந்தா) கேட்கும் இடத்தைப் படியுங்கள். யாருடைய ஜீவியம் என்று கடவுள் கேட்கிறார். நியாயமான சந்தேகம்! இரண்டு பேருமே அதைக் கணக்கு வழக்காகத்தான் பேசுகிறார்கள், சிரிப்பு முழுக்க நமக்கு.

கேள்வி: ஒரே ஒரு வாக்கியத்தைக் கதை என்று சொல்வது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: சில ஏமாற்றுத்தான். ஆனால் கவுதமாலா எழுத்தாளர் அகுஸ்தோ மோன்தெரோசோ 1959இல் வெளியிட்ட 'டைனோசர்' அப்படி இல்லை. ஸ்பானிய மொழியில் மொத்தம் 7 சொற்கள்: விழித்தபோது டைனோசர் இன்னும் அங்கேயே இருந்தது. விழித்தது யார்? சொல்லவில்லை. ஸ்பானிய மொழியில் எழுவாய் இல்லாமலே வினை நிற்கும், நம் 'விழித்தபோது' மாதிரியேதான், அவனா அவளா என்று காட்டிக்கொடுக்காது. அப்புறம் அந்த 'இன்னும்'! அதை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், வெறும் தகவல்தான் மிஞ்சும். அது இருப்பதால் தூங்குவதற்கு முன்பும் டைனோசர் இருந்திருக்கிறது, அதோடு ஒரே அறையில் யாரோ தூங்கவும் செய்திருக்கிறார்கள் என்று ஒரு முழு இரவு உள்ளே வந்துவிடுகிறது. நீங்கள் ஒரு வரிக் கதை எழுதினால் அதில் இப்படி ஒரு 'இன்னும்' எங்கே இருக்கிறது என்று தேடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பக்கம் எழுதுங்கள், தப்பே இல்லை.