மைலுக்கு 3 பென்ஸ் வரிக்குப் பயந்து மின்சார காரை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். நான் லூட்டனில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். போக 25 மைல், வர 25 மைல். வார இறுதி ஓட்டத்தையும் சேர்த்தால் வருடத்துக்கு 12,000 மைல் ஆகிறது. இப்போது ஓட்டுவது 2014 மாடல் பெட்ரோல் கார். அதை மாற்றிவிட்டு, வேலை செய்யும் இடத்துச் சம்பளப் பிடித்தத் திட்டத்தில் புது மின்சார கார் எடுக்கலாம் என்று நினைத்தேன். "2028-லிருந்து மைலுக்கு மைல் வரி போடப்போகிறார்கள், மின்சார கார் வாங்குவது முட்டாள்தனம்" என்கிறார் என் கணவர். வரி வருவதற்கு முன்பே வாங்கிவிட்டால் தப்பிக்கலாமா? வண்டியில் கருவி வைத்து எங்கே போகிறோம் என்று கண்காணிப்பார்களா? வருடத்துக்கு ஒருமுறையாவது காரிலேயே பாரிஸ் போவோம். அந்த மைலுக்கும் வரி உண்டா? வீட்டு முன்னால் கார் நிறுத்த சொந்த இடம் இருக்கிறது.

பதில்: உங்கள் கேள்வியிலேயே முக்கியமானது கடைசி வாக்கியம்தான். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் கணவர் சொன்ன வரியைப் பார்ப்போம்.

2025 நவம்பர் 26 அன்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் பட்ஜெட்டில் அறிவித்தது இது. 2028 ஏப்ரலிலிருந்து முழு மின்சார கார்களுக்கு மைலுக்கு 3 பென்ஸ். பிளக்கில் செருகி சார்ஜ் செய்யும் ஹைப்ரிட்களுக்கு 1.5 பென்ஸ். அதன்பின் விலைவாசியோடு சேர்ந்து வருடா வருடம் ஏறும். நாம் ரோட் டாக்ஸ் என்று சொல்கிறோமே, அதற்கு மேல்தான் இது. 2025 ஏப்ரல் வரை மின்சார கார்களுக்கு ரோட் டாக்ஸும் கிடையாது. அந்தச் சலுகை போய், வருடத்துக்கு 195 பவுண்ட் என்று ஆனது.

அரசாங்கம் ஏன் இதற்கு வருகிறது என்று கேட்டால், பெட்ரோல் பங்கில்தான் பதில் இருக்கிறது. எரிபொருள் தீர்வையாக வருடத்துக்கு ஏறக்குறைய 2,400 கோடி பவுண்ட் கஜானாவுக்குப் போகிறது. லிட்டருக்கு 57.95 பென்ஸ் என்று 2011-ல் வைத்ததை அதற்குப் பிறகு யாரும் ஏற்றவில்லை. 2022 மார்ச்சில் 5 பென்ஸ் குறைத்து 52.95 ஆக்கினார்கள். அந்த 5 பென்ஸைப் படிப்படியாகத் திரும்ப ஏற்றப்போவதாகவும் இதே பட்ஜெட்டில் சொன்னார்கள். கடைசி நேரத்தில் தள்ளிப்போடுவது இந்த விஷயத்தில் வாடிக்கை என்பதால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆக, மின்சார கார் கூடக் கூட இந்த வருமானம் கரையும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் மைல் வரி.

இப்போது உங்கள் காருக்கு வருவோம். காலனுக்கு 40 மைல் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12,000 மைலுக்கு 1,364 லிட்டர். இதில் தீர்வை மட்டும் 722 பவுண்ட், அதாவது மைலுக்கு 6 பென்ஸ். தீர்வைக்கும் சேர்த்தே 20 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) போடுகிறார்கள். அதையும் கூட்டினால் 867 பவுண்ட். ஆக, இத்தனை வருடமாக நீங்கள் மைலுக்கு ஏழு பென்ஸுக்கு மேல் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பில்லில் தனியாகத் தெரியாததால் வலிக்கவில்லை, அவ்வளவுதான். மின்சார கார் என்றால் உங்கள் மைல் வரி வருடத்துக்கு 360 பவுண்ட்.

சரி, வரியை விடுங்கள். மொத்தச் செலவு என்ன? லிட்டர் 135 பென்ஸ் என்று கணக்குக்கு எடுத்தால், பெட்ரோலுக்கு வருடம் 1,841 பவுண்ட். யூனிட்டுக்கு 3.5 மைல் ஓடும் மின்சார காருக்கு 3,429 யூனிட் தேவை. வீட்டில் இரவுக் கட்டணத்தில், யூனிட் 8 பென்ஸ் என்று போட்டால் 274 பவுண்ட். மைல் வரியையும் சேர்த்து 634. அதே வீட்டில் சாதாரணக் கட்டணத்தில், 27 பென்ஸ் என்றால் வரியோடு 1,286. வெளியே அதிவேக சார்ஜரில் 75 பென்ஸ் கொடுத்தால் வரியோடு 2,931 பவுண்ட்! பெட்ரோலைவிட ஆயிரம் பவுண்டுக்கு மேல் அதிகம். போதாததற்கு, வீட்டு மின்சாரத்துக்கு வாட் 5 சதவீதம், பொது சார்ஜருக்கு 20 சதவீதம்.

இப்போது அந்தக் கடைசி வாக்கியத்துக்கு வாருங்கள். வீட்டு முன்னால் இடம் இருக்கிறதா இல்லையா என்பதில் உங்களுக்கு 2,300 பவுண்ட் வித்தியாசம். மைல் வரி வெறும் 360. ஈஸ்ட் ஹாமில் மாடி ஃபிளாட்டில் இருக்கும் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், பிளக்கே தேவைப்படாத சாதாரண ஹைப்ரிட்டைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். அதற்கு மைல் வரியும் கிடையாது. உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. சுவரில் சார்ஜர் மாட்ட ஏறக்குறைய 1,000 பவுண்ட் ஆகும், இரவுக் கட்டணத்துக்கு ஸ்மார்ட் மீட்டரும் வேண்டும்.

நைட் ஷிஃப்ட் இருக்குமே என்று நினைப்பீர்கள். மலிவான நேரத்தில் கார் மருத்துவமனை வாசலில் அல்லவா நிற்கும்! பயப்பட வேண்டாம். 7 கிலோவாட் சார்ஜரில் ஐந்து மணி நேரம் போட்டால் 35 யூனிட் ஏறும். அது 120 மைலுக்கு மேல், இரண்டு நாள் போய்வரப் போதும். வாரத்தில் இரண்டு, மூன்று இரவு கார் வீட்டில் நின்றால் சமாளித்துவிடலாம். தொடர்ந்து ஐந்து நைட் பார்ப்பவர் என்றால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இவ்வளவு நேரம் ஓட்டும் செலவைத்தான் பேசினேன். நான் உண்மையில் கவலைப்படுவது வேறு இடத்தில். நீங்களும் உங்கள் கணவரும் 360 பவுண்டுக்குச் சண்டை போடுகிறீர்கள். 30,000 பவுண்ட் கொடுத்து வாங்கும் புது மின்சார கார் மூன்று வருடத்தில் பாதி மதிப்பை இழப்பது சாதாரணம். வருடத்துக்கு 5,000 பவுண்ட்! நம் ஆட்கள் நகை வாங்கும்போது சேதாரத்தில் அரை சதவீதத்துக்குப் பேரம் பேசுவார்கள், காரின் சேதாரத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை. 37,000 பவுண்டுக்குள் இருக்கும் சில புது மாடல்களுக்கு அரசாங்கம் 3,750 பவுண்ட் வரை மானியம் தருகிறது. அது கிடைத்தாலும் முதல் வருடத் தேய்மானத்திலேயே போய்விடும்.

சம்பளப் பிடித்தத் திட்டத்தில் இந்தத் தேய்மானம் மாதத் தவணைக்குள் ஒளிந்திருக்கும். வரிக்கு முன்பே சம்பளத்திலிருந்து தவணை கழிவதால் வருமான வரியும் தேசியக் காப்பீடும் மிச்சமாவது உண்மை. ஆனால் அலுவலகக் கார் என்ற வகையில் அதற்கும் ஒரு வரி உண்டு. காரின் பட்டியல் விலையில் ஒரு சதவீதத்தை உங்கள் வருமானமாக எடுத்துக்கொண்டு வரி போடுவார்கள். அந்தச் சதவீதம் 2026-27-ல் 4, 2027-28-ல் 5, அடுத்த வருடம் 7, அதற்கடுத்து 9 என்று ஏறுகிறது. இதை டீலர் சொல்வார். அவர் சொல்லாமல் விடுவது பென்ஷன். நீங்கள் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸின் பென்ஷன் திட்டத்தில் இருந்தால், காருக்காக விட்டுக்கொடுக்கும் சம்பளம் பென்ஷன் கணக்கிலிருந்தும் கழியும். 2015 திட்டத்தில் ஒவ்வொரு வருடச் சம்பளத்திலும் 54-ல் ஒரு பங்கு வருடாந்திர பென்ஷனாகச் சேர்கிறது. மாதம் 400 பவுண்ட் பிடித்தால் வருடம் 4,800. அதில் 54-ல் ஒரு பங்கு சுமார் 89 பவுண்ட். மூன்று வருட ஒப்பந்தம் முடியும்போது, ஓய்வுக்குப் பிறகு வருடா வருடம் கிடைக்க வேண்டிய 267 பவுண்டும், அதன் மேல் வரும் உயர்வும் உங்களுக்கு இல்லை. நீங்கள் கட்டும் பென்ஷன் சந்தாவும் குறையும் என்பதால் கையில் வரும் சம்பளம் பரவாயில்லாமல் தெரியும். அதனால்தான் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. குழந்தை பெறும் திட்டம் இருந்தால் மகப்பேறு கால ஊதியத்திலும் இது கை வைக்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், 2014 கார் எம்.ஓ.டி. என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனையில் தொல்லை இல்லாமல் தேறிக்கொண்டிருக்கும்வரை அதையே ஓட்டுவேன். மாதம் 300 பவுண்ட் தனியாக எடுத்து வைப்பேன். கார் பெரிய செலவு கேட்கும் நாளில், மூன்று வயதான மின்சார கார் ஒன்றைக் கைக்காசில் வாங்குவேன். பெரிய சேதாரத்தை முதல் சொந்தக்காரர் அனுபவித்து முடித்திருப்பார். பேட்டரிக்குப் பெரும்பாலும் எட்டு வருடம் அல்லது ஒரு லட்சம் மைல் உத்தரவாதம் என்பதால் இன்னும் ஐந்து வருடம் மிச்சம் இருக்கும். ஒன்று மட்டும், வாங்குவதற்கு முன்பே இன்சூரன்ஸ் விலையைக் கேட்டுவிடுங்கள். மின்சார காருக்கு அது கொஞ்சம் எகிறும்.

பிளக் வைத்த ஹைப்ரிட் வாங்கலாமா என்று அடுத்து கேட்பார் உங்கள் கணவர். பெட்ரோல் தீர்வையும் கட்டி, மைலுக்கு ஒன்றரை பென்ஸும் கட்டி, எஞ்சின், மின்மோட்டார் இரண்டையும் பராமரிப்பதா? உங்கள் ஓட்டத்துக்கு வேண்டாம்.

முன்கூட்டியே வாங்கினால் தப்பிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. எப்போது வாங்கியிருந்தாலும் 2028 ஏப்ரலிலிருந்து எல்லா மின்சார கார்களுக்கும் இது பொருந்தும். இப்போது மூன்று வருட லீஸில் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தத்தின் பின்பகுதி அந்தத் தேதியைத் தாண்டும். அப்போது மைல் வரி யார் தலையில் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நியூசிலாந்தில் 2024 ஏப்ரல் 1-லிருந்து மின்சார கார்கள் 1,000 கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து டாலர் கட்டுகின்றன. அந்த வருடம் அங்கே மின்சார கார் விற்பனை சரிந்ததைக் காட்டி இங்கேயும் பயமுறுத்துகிறார்கள். அங்கே வாங்குபவருக்குத் தந்துவந்த மானியம் மூன்று மாதம் முன்னால், 2023 டிசம்பர் கடைசியில் நின்றுபோனது. அதைச் சேர்த்துச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

கண்காணிப்புக் கருவி எதுவும் இல்லை. ரோட் டாக்ஸ் கட்டும்போது இந்த வருடம் எவ்வளவு ஓட்டுவேன் என்று வாகனப் பதிவு அமைப்பான டி.வி.எல்.ஏ.விடம் நீங்களே ஓர் உத்தேசக் கணக்கு சொல்ல வேண்டும். அதற்கான பணத்தை மொத்தமாகவோ மாதாமாதமோ கட்டலாம். வருடக் கடைசியில் காரின் மைல் மீட்டரைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் எம்.ஓ.டி. சமயத்திலேயே அது முடிந்துவிடும். கூடக் கட்டியிருந்தால் வரவு வைப்பார்கள், குறைந்தால் மிச்சம் கட்ட வேண்டும். அரசாங்கத்தின் திட்டம் இதுதான். சட்டமாகி வரும்போது சிறு விவரங்கள் மாறலாம்.

கருவி இல்லாததற்கு ஒரு விலையும் உண்டு. நீங்கள் எங்கே ஓட்டினீர்கள் என்று மீட்டருக்குத் தெரியாது. அதனால் பிரான்ஸில் ஓட்டிய மைலுக்கும் பிரிட்டனில்தான் வரி கட்ட வேண்டும். பாரிஸ் போய்வர சுமார் 600 மைல் என்றால் 18 பவுண்ட். பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பல் தெருவில் நீங்கள் செய்யப்போகும் செலவுக்கு முன்னால் உங்கள் கணவர் இதைக் கவனிக்கவே மாட்டார்.