ஆல்பம் பதிவாகிவிட்டது, வெளியே வருமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். சோல் இசை பாடும் என் தங்கைக்கு வயது 19. ஓர் இசை நிறுவனம் நான்கு ஆல்பங்களுக்கு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. பாடகி ரே பட்ட சிரமத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. பதிவுசெய்த ஆல்பத்தை நிறுவனம் வெளியிடாமலே வைத்துக்கொள்ள முடியுமா? கையெழுத்துக்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முடியும். வெளியிட்டே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லாவிட்டால் தாராளமாக முடியும்.

‘நான்கு ஆல்பம்’ என்றதும் நிறுவனம் நான்கு ஆல்பம் போடப்போகிறது என்று வீட்டில் இனிப்பு வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது உங்கள் தங்கை கொடுக்கும் வாக்கு, நிறுவனம் கொடுப்பதல்ல. முதல் ஆல்பத்துக்குப் பிறகு ஒவ்வொன்றும் ‘ஆப்ஷன்’. நிறுவனம் விரும்பினால் தொடரும், இல்லையென்றால் விட்டுவிடும். தங்கைக்கு அந்த வசதி கிடையாது.

ரே 2014இல் பாலிடோர் என்ற இசை நிறுவனத்துடன் நான்கு ஆல்பங்களுக்கு ஒப்பந்தம் செய்தார். தனிப்பாடல்கள் வந்தன, ஆல்பம் வரவில்லை. ஒன்றைக்கூட வெளியிட விடவில்லை என்று 2021 ஜூனில் ட்விட்டரில் எழுதினார். அடுத்த மாதமே இரு தரப்பும் பிரிந்தன. 2023 பிப்ரவரியில் தன் முதல் ஆல்பத்தைத் தானே கொண்டுவந்தார். 2024 பிரிட் விருது விழாவில் ஒரே இரவில் ஆறு விருதுகள். எல்லோருக்கும் கதவு இப்படித் திறக்காது என்பதால், இதை மட்டும் பார்த்துத் தைரியம் கொள்ள வேண்டாம்.

எனக்கு அதிகம் உறுத்துவது ஃபிலடெல்ஃபியா பாடகர் பிலாலின் கதை. 2001இல் இன்டர்ஸ்கோப் என்ற இசை நிறுவனம் வழியாக முதல் ஆல்பம். இரண்டாவதான ‘லவ் ஃபார் சேல்’ 2006இல் இணையத்தில் கசிந்தது. நிறுவனம் அதைக் கிடப்பில் போட்டது. ரசிகர்கள் இன்றுவரை கொண்டாடும் அந்தப் பாடல்கள் கடைக்கு வரவே இல்லை. அடுத்த ஆல்பம் 2010இல், வேறு நிறுவனத்தில்தான் வந்தது. ‘கசியவிட்டால் வழிக்கு வருவார்கள்’ என்று யாராவது தங்கைக்கு யோசனை சொன்னால் காதில் வாங்க வேண்டாம். ஒப்பந்த மீறல் பழி தங்கை தலையில்தான் விழும்.

இப்போது காகிதத்துக்கு வருவோம். ‘வெளியீடு நிறுவனத்தின் முழு விருப்பத்துக்கு உட்பட்டது’ என்ற பொருளில் ஒரு வரி எங்கோ நடுப்பக்கத்தில் இருக்கும். அதை அடித்துவிட்டு இப்படிக் கேளுங்கள்: ஆல்பத்தை ஒப்படைத்த நாளிலிருந்து 120 நாட்களுக்குள் பிரிட்டனில் வெளியிட வேண்டும், தவறினால் பாடகி நோட்டீஸ் தரலாம், அதற்குப் பின் 60 நாட்களிலும் வெளியாகாவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். நாட்கள் கூடலாம், குறையலாம். வரி இருக்க வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். விலகுகிற உரிமை கிடைத்தால் தங்கைக்கு விடுதலை கிடைக்கும், ஆல்பம் கிடைக்காது. ஒலிப்பதிவு நிறுவனத்தின் சொத்தாகவே இருக்கும். ஆகவே, வெளிவராத பதிவுகளைச் செலவுத் தொகையைக் கொடுத்தோ, பின்னால் வரும் வருமானத்தில் ஒரு பங்கு கொடுத்தோ திரும்பப் பெறும் உரிமையைத் தனியாக எழுதி வாங்குங்கள். பாட்டும் ஒலிப்பதிவும் சட்டத்தில் இரண்டு வேறு சொத்துகள். அதே பாடல்களை மீண்டும் பாடிப் பதிவுசெய்ய ஒப்பந்தம் சில ஆண்டுகள் தடை போடும். வெளிவராத பாடல்களுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று சேர்க்கச் சொல்லுங்கள். அமெரிக்கப் பாடகி ஜோஜோவின் முதல் இரண்டு ஆல்பங்கள் ஸ்ட்ரீமிங்கில் கிடைக்காமல் கிடந்தன. 2018இல் அவர் இரண்டையும் முழுதாகத் திரும்பப் பாடி வெளியிட்டார்.

‘வணிக ரீதியில் திருப்திகரமான’ ஆல்பம் என்ற சொற்றொடரும் இருக்கும். விற்குமா என்று முடிவு செய்வது நிறுவனம். பிடிக்கவில்லை என்றால் ஒப்படைத்ததாகவே கணக்கில் வராது, உங்கள் 120 நாட்களும் ஓடத் தொடங்காது. ‘தொழில்நுட்ப ரீதியில் திருப்திகரமான’ என்று மாற்றக் கேளுங்கள். இதற்குத்தான் அதிகம் முரண்டு பிடிப்பார்கள்.

முன்பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: ஸ்டுடியோ வாடகையும் அதில்தான் கழியும். சமைத்த சோறு பானையிலேயே இருக்க, விறகுச் செலவு மட்டும் தங்கை கணக்கில் ஏறும்.

திருத்தம் கேட்டால் வாய்ப்பு போய்விடும் என்று அஞ்சாதீர்கள். முதலில் வரும் வரைவு பேரம் பேசுவதற்காகவே எழுதப்படுவது. பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கம் உறுப்பினர்களுக்கு ஒப்பந்தத்தைப் படித்து ஆலோசனை தருகிறது. தங்கையை முதலில் அதில் சேர்த்துவிடுங்கள். அதுவரை பேனாவை எடுக்க வேண்டாம்.