ஒரே புரதம் செல்லுக்குள் எப்படிப் பல வேலைகளைச் செய்கிறது?

"ஒரு ஜீன், ஒரு நொதி" என்று, மரபியலாளர்கள் பீடிலும் டேட்டமும் 1941-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த கருத்தைப் படித்துவிட்டு, அப்புறம் ஒரே புரதத்துக்கு நாலு வேலை என்று எங்கோ பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். நானும் அந்தக் குழப்பத்தில் இருந்தவன்தான்.

ஒரு புரதம் என்ன செய்யும் என்பது, அந்த நேரத்தில் அது எதோடு ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சைட்டோகுரோம் சி என்ற புரதம், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரானைக் கைமாற்றிக்கொண்டிருக்கும். வெளியே கசிந்து ஏபாஃப்-1 என்ற இன்னொரு புரதத்தோடு சேர்ந்தால், செல்லையே சாகடிக்கும். அதன் சங்கிலியில் 72-வது இடத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தை மாற்றினால் எலக்ட்ரான் வேலை நடக்கும், சாகடிக்கும் வேலை நின்றுபோகும்.

இனி என் கதை. புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, வேண்டியதை மட்டும் பட்டையாகக் காட்டும் சோதனை வெஸ்டர்ன் பிளாட். அதில் எல்லா லேனிலும் சம அளவு புரதம் ஏற்றியிருக்கிறோமா என்று பார்க்கும் லோடிங் கன்ட்ரோலாகப் பலரும் வைப்பது ஜிஏபிடிஹெச் என்ற புரதம். குளுக்கோஸைச் சிதைக்கும் பாதையில் ஒரு நொதி, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். நைட்ரிக் ஆக்சைடு கொடுத்த செல்களின் நியூக்ளியஸைப் பிரித்து ஓட்டினால், அதன் எடையான 37 கிலோடால்டன் பக்கத்தில் ஜிஏபிடிஹெச் பேண்ட் (பட்டை) பளிச்சென்று நிற்கிறது! கொடுக்காத செல்லில் நிழல்கூட இல்லை. என் ஆய்வு வழிகாட்டி பார்த்துவிட்டு, "பிரித்தது சுத்தமில்லை, மறுபடி செய்" என்றார். நாலு தடவை செய்தேன். அதே பிளாட்டில், நியூக்ளியஸுக்கு வெளியே இருக்கும் ட்யூபுலின் என்ற புரதத்தையும் பார்த்தேன். நியூக்ளியஸ் லேனில் அது இல்லை. வெளியிலிருந்து கலந்தது என்றால் அதுவும் வந்திருக்க வேண்டாமா?

2005-லேயே வெளியாகியிருந்த ஆய்வை அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். நைட்ரிக் ஆக்சைடு ஜிஏபிடிஹெச்சில் உள்ள சிஸ்டீன் என்ற ஓர் அமினோ அமிலத்தில் ஏறிக்கொள்கிறது. நொதி வேலை நின்று, சியா1 என்ற புரதத்தோடு சேர்கிறது. நியூக்ளியஸுக்குள் நுழைவதற்கான சிக்னல் சியா1-இடம்தான் உண்டு. அதுதான் ஜிஏபிடிஹெச்சையும் இழுத்துக்கொண்டு போகிறது. சீக்கிரம் சிதைந்துவிடும் சியா1-ஓ, ஜிஏபிடிஹெச் கூட இருப்பதால் நிலைக்கிறது. உள்ளே போனதும் செல் சாவை நோக்கித் திரும்புகிறது.

"அது வேதி மாற்றம், கூட்டாளியால் வந்ததில்லை" என்று சிலர் வரலாம். மாற்றம் தொடங்கிவைத்தது உண்மை. ஆனால் சியா1 இல்லாமல் அது உள்ளே போயிருக்காது. ஒட்டுவதெல்லாம் வேலைக்காக என்றும் நான் சொல்லவில்லை. ஒரு புரதத்தைப் பிடித்து, அதோடு ஒட்டியவற்றை இழுத்தெடுக்கும் புல்-டவுன் சோதனையில் குப்பையும் வரும், எனக்குத் தெரியும்.